யோசலே ரோசன்பிளாட்: ஓபராவுக்கு மாட்டேன், வாட்வில்லுக்குச் சரி. ஏன்?

#1 கருந்தட்டு

யூத வழிபாட்டுப் பாடகர் ரோசன்பிளாட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே 1918இல் ஓபராவை உதறிய கதையில்தான் போய் நிற்கிறது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள உழைப்பைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த மறுப்புக்கே பொருள் விளங்கும். அதற்காகத்தான் இந்த இழை.

முதலில் அடிப்படை விவரம். பிறப்பு 1882 மே, அன்றைய ரஷ்யப் பேரரசின் பிலா செர்க்வாவில்; இன்று அது உக்ரைன். அப்பாவும் ஹசன். ஜெப ஆலயத்தில் சபையின் சார்பாக நின்று வழிபாட்டைப் பாடி நடத்துபவரை எபிரேயத்தில் ஹசன் என்பார்கள், ஆங்கிலத்தில் கான்ட்டர். சிறுவனாக இருந்தபோதே ஊர் ஊராகப் போய்ப் பாடியவர். 1900இல் முன்காச்சில் வேலை, அடுத்த ஆண்டே பிரஸ்பர்க் (இன்றைய பிராட்டிஸ்லாவா), 1906இல் ஹாம்பர்க், 1912இல் நியூயார்க். ஹார்லெமில் 116ஆம் தெருவில் இருந்த ஓஹெப் செடெக் சபை அவரை அழைத்துக்கொண்டது.

இந்த வரிசையை வெறும் ஊர்ப்பட்டியலாகப் பார்க்கக் கூடாது. முன்காச் ஹசிதியர் (பக்திப் பரவசத்துக்கு முதலிடம் தரும் யூதப் பிரிவினர்) மிகுந்த ஊர். அங்கே உருக்கமும் வார்த்தையில்லாத இழுப்பும் வேண்டும். பிரஸ்பர்க் ஹங்கேரிய யூத வைதிகத்தின் தலைநகரம் மாதிரி. உச்சரிப்பிலோ முறையிலோ ஒரு இம்மி தவறக் கூடாது. ஜெர்மன் சபைகள் நேரக் கட்டுப்பாட்டையும் பாடகர் குழுவின் ஒழுங்கையும் எதிர்பார்த்தவை. இவற்றையெல்லாம் பழகிவிட்டு நியூயார்க்கில் இறங்கியபோது அவருக்கு வயது முப்பது. அவர் பதிவுகளில் உருக்கமும் கணக்கும் ஒன்றாக இருப்பதற்கு எனக்குத் தெரிந்த நேரான விளக்கம் இதுதான்.

இனி கேள்வி. 1918இல் சிகாகோ ஓபராவின் இயக்குநர் க்ளியோஃபோன்டே கம்பனீனி, அலேவியின் 'லா ஜுயிவ்' ஓபராவில் எலியாசர் என்ற யூதரின் பாத்திரத்துக்கு அழைத்தார். ஒரு நிகழ்ச்சிக்கு 1,000 டாலர். தாடியை எடுக்க வேண்டாம், ஓய்வுநாளில் பாட வேண்டாம் என்றும் விட்டுக்கொடுத்தார்கள். அப்படியும் மறுத்துவிட்டார். அதே மனிதர் 1925இல் திவாலான பிறகு வாட்வில் அரங்குகளில் பாடினார். வாட்வில் என்றால் குரங்காட்டி, வித்தைக்காரர், நகைச்சுவைக்காரர், பாடகர் எல்லாரும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வரும் கலவை மேடை. ஓபராவில் இல்லாத என்ன அனுமதி அங்கே இருந்தது?

#2 நெய்தல்வாணி

கருந்தட்டு சார், இதற்கு விடை தேட ஓபராவின் கதைக்குள்ளேயே போக வேண்டும். 'லா ஜுயிவ்' இரண்டாம் அங்கம் தொடங்குவதே எலியாசர் வீட்டில், பஸ்கா என்ற யூதத் திருநாளின் விருந்து வழிபாட்டில்தான். எலியாசர் புளிப்பில்லா அப்பத்தைப் பங்கிட்டு, முன்னோரின் கடவுளை விளித்துப் பாடுவார். ஒரு ஹசன் அந்தப் பாத்திரத்தை ஏற்றால், சபைக்காகத் தான் நிஜமாகச் செய்யும் காரியத்தையே அரங்கில் நடிப்பாகச் செய்துகாட்ட வேண்டிவரும். தாடியையும் சனிக்கிழமையையும் விட்டுக்கொடுத்ததால் மட்டும் இது தீராது. கூடவே பெண் பாடகர்களோடு மேடையில் நின்று பாடுவதும் வைதிக சபைக்கு ஒப்பாது.

தாடி விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். புத்தாண்டிலும் பாவநிவர்த்தி நாளிலும் முசாஃப் என்ற கூடுதல் வழிபாட்டைத் தொடங்குமுன் ஹசன் தனக்காக மட்டும் ஒரு வேண்டுதல் சொல்வார். 'ஹினெனி' என்று பெயர். 'இதோ நான், நற்செயலில் ஏழை' என்று தொடங்கும். பல சபைகளில் ஆலயத்தின் பின்பகுதியிலிருந்து சொல்லிக்கொண்டே மெல்ல முன்னே நடந்து வருவார்கள். அதற்குள் ஒரு வரி: முதிர்ந்தவன், பழகியவன், வாலிபம் பழுதில்லாதவன், தாடி நிறைந்தவன், குரல் இனியவன், அப்படிப்பட்ட ஒருவனின் ஜெபமாக என் ஜெபத்தை ஏற்றுக்கொள் என்று. தாடியும் குரலும் அங்கே பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். தாடியை ஒரு அலங்காரச் சலுகைபோல ஒப்பந்தத்தில் எழுதித் தருவது சபையின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஹசன் என்ற புனிதப் பொறுப்புக்கு ஓபரா மேடை பொருந்தாது என்றுதான் சபையின் தரப்பும் இருந்தது.

வாட்வில்லில் அவர் எந்தப் பாத்திரமும் ஏற்கவில்லை. சொந்தப் பெயர், சொந்தக் கறுப்புக் கோட்டு, தலையில் குல்லா. வந்து பாடிவிட்டுப் போவார். முன்னால் குரங்காட்டி வந்தானா பின்னால் யார் வருகிறார் என்பது அவர் பொறுப்பில்லை.

#3 திசைமானி

வாணி அம்மா சொல்வது சரி. ஆனால் வாட்வில்லுக்கு அவர் மனமுவந்து போனார் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. கடன்தான் காரணம். 1920களின் தொடக்கத்தில் 'இஸ்ரயேலின் ஒளி' என்று பொருள்படும் பெயரில் ஒரு யித்திஷ் (கிழக்கு ஐரோப்பிய யூதரின் பேச்சுமொழி) பத்திரிகை. மதப் பணி என்று சொல்லி அவரிடம் வந்தார்கள். பணமும் போட்டார், பத்திரிகையின் கடன்களுக்குத் தன் கையெழுத்தையும் போட்டார். கையெழுத்துதான் ஆளை முடித்தது. போட்ட பணம் போனால் அதோடு போயிற்று. பிறர் கடனுக்குப் பிணை நின்றால் பத்திரிகை மூடிய பிறகும் கடன்காரர் வீடு தேடி வருவார்கள். 1925இல் திவால் அறிவித்தார். சட்டப்படி அதோடு கைகழுவியிருக்கலாம். அவர் கடனை அடைத்தே தீருவேன் என்று சுற்றுப்பயணம் கிளம்பினார். எட்டுப் பிள்ளைகள் உள்ள குடும்பம் அது.

இப்போது அந்தச் சுற்றுப்பயணத்தின் வாரக் கணக்கைப் பாருங்கள். வாட்வில் சம்பளம் வாரக் கணக்கில். ஒரு நாளைக்கு இரண்டு ஆட்டமோ அதற்கு மேலோ. வசூல் குவியும் நேரம் வெள்ளி இரவும் சனிக்கிழமை முழுதும். அதில் பெரும்பகுதி அவருக்கு ஓய்வுநாள்: வெள்ளி சூரியன் இறங்குவது முதல் சனி இருட்டுவது வரை. நியூயார்க்கில் டிசம்பரில் சூரியன் சுமார் 4.30க்கே இறங்கிவிடும், வெள்ளிக்கிழமை மதிய ஆட்டத்துக்கே நேரம் இடிக்கும். ஆனால் சனி மாலை சுமார் 5.15க்கு ஓய்வுநாள் முடிந்துவிடும், எனவே சனி இரவு ஆட்டம் கிடைக்கும். ஜூனில் தலைகீழ்: வெள்ளி மதியம் தாராளம், ஆனால் சனி இரவு ஒன்பதே கால் வரை மேடை ஏற முடியாது. எந்த மாதத்தில் எந்த ஆட்டம் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு ஒப்பந்தம் எழுதவில்லை என்றால் அரங்க முதலாளியோடு தகராறுதான் மிஞ்சும்.

பயணமும் அப்படித்தான். ஓய்வுநாளில் ரயில் ஏற முடியாது. வெள்ளி மதியத்துக்குள் ஒரு ஊரில் இறங்கியிருக்க வேண்டும். தங்கும் இடத்திலிருந்து ஜெப ஆலயம் நடக்கும் தொலைவில் இருக்க வேண்டும். கோஷர், அதாவது யூத உணவு விதிப்படியான சாப்பாடு கிடைக்க வேண்டும். அமெரிக்காவின் நடுமேற்குச் சிறு நகரங்களில் இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அரிது.

ஆண்டுக் கணக்கு இன்னும் இறுக்கம். செப்டம்பர், அக்டோபர் பெருவிழாக்களில் எந்த ஹசனும் சபையை விட்டு நகர முடியாது. பஸ்காவுக்கும் பெந்தெகொஸ்தேவுக்கும் இடைப்பட்ட ஓமெர் நாள்களில் பெரும்பகுதி கச்சேரிக்கு ஆகாது. கோடையில் யூத நாட்காட்டிப்படி தம்மூஸ் மாதம் 17 முதல் ஆவ் மாதம் 9 வரை மூன்று வாரம் துக்க காலம். மிச்சம் அக்டோபர் கடைசி முதல் மார்ச் வரை ஒரே நீட்டாகக் கிடைக்கும் ஐந்து மாதமும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில வாரங்களும். அந்தக் காலத்துக் கான்ட்டர்களின் கச்சேரி விளம்பரங்கள் குளிர்காலத்தில் குவிவது இதனால்தான்.

#4 கருந்தட்டு

திசைமானி சார், அந்த நேரக் கணக்கு அருமை. ஒரு சந்தேகம் மட்டும் எல்லாருக்கும் வரும். பாத்திரம் ஏற்கவில்லை, சரி. ஆனால் ஜெபங்களையே கச்சேரியிலும் இசைத்தட்டிலும் பாடினாரே? அது மட்டும் ஆகுமா?

#5 நெய்தல்வாணி

அன்றே பெரிய சண்டை இது. ஒதேசாவின் புகழ்பெற்ற ஹசன் பின்காஸ் மின்கோவ்ஸ்கி கிராமபோனைக் கடுமையாக எதிர்த்தார். ஜெபம் பாடிய தட்டு எந்த மாதிரி இடத்தில், யார் கையில் சுழலும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பது எதிர்ப்பாளர் வாதம். பாடியவர்கள் தரப்பில் ஒரு நடைமுறை உண்டு. கச்சேரியிலும் ஒத்திகையிலும் இறைவனின் திருப்பெயரை அப்படியே சொல்லாமல் 'ஹஷெம்' என்று மாற்றுவது. 'எலோஹேனு' என்பதை 'எலோகேனு' என்று ஒரு மெய்யெழுத்தை மாற்றிச் சொல்வது. அந்த ஒரு எழுத்து மாறினால் அது ஜெபமல்ல, ஜெபத்தின் பாட்டு. அவருடைய தட்டுகளில் ஒன்றின் பெயரே 'எலோகாய்' என்று தொடங்குவதைக் கவனியுங்கள்.

இன்னொரு குறையும் உண்டு, அது கச்சேரிக்கு மட்டுமல்ல. ராகத்தை நீட்டுவதற்காக ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதை ரபிகள் (யூத மத குருக்கள்) பலர் கண்டித்தார்கள். வாக்கியத்தின் பொருள் உடைகிறது, வழிபாடு நீள்கிறது என்பதற்காக. ரோசன்பிளாட்டும் திருப்பிச் சொல்கிறவர்தான். இதில் அவர் பக்கம் நின்று வாதாட எனக்கு விருப்பமில்லை. சில தட்டுகளில் அது அதிகம்தான்.

#6 மத்யமகாலம்

இசைப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேட்பவர்கள் முதலில் விட்டுவிடவேண்டிய எண்ணம்: இது மெட்டமைத்த பாட்டு என்பது. தாளம் கிடையாது. நம் கச்சேரியில் விருத்தம் பாடுவதுபோல, உரைநடையான ஜெபவரிகளை ஒரு இசைமுறைக்குள் வைத்து விரித்துக்கொண்டு போவார்கள். அந்த முறைக்கு 'நூசாக்' என்று பெயர். எந்த நாள், எந்த வேளை, எந்த வழிபாடு என்பதைப் பொறுத்து நூசாக் மாறும். பழகிய சபையார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இன்று வெள்ளி மாலையா, ஓய்வுநாள் காலையா, பாவநிவர்த்தி நாளா என்று சொல்லிவிடுவார்கள்.

சுர அமைப்பைப் பார்த்தால் நமக்குப் பழகியவைதான். 'அஹவா ரபா' முறை: ஸ ரி1 க3 ம1 ப த1 நி2. அதாவது வகுளாபரணத்தின் சுரங்கள். 'மி ஷெபேராக்' முறை: ஸ ரி2 க2 ம2 ப த2 நி2, ஹேமவதியின் சுரங்கள். 'மாகேன் ஆவோத்' நடபைரவி. 'அதோனாய் மாலாக்' அரிகாம்போஜியின் சுரங்களோடு போகும். ஆனால் மேல்ஸ்தாயியில் காந்தாரம் சாதாரண காந்தாரமாக இறங்கிவிடும். இந்தக் கடைசி நுணுக்கம் தெரியாதவர்கள் அந்த இடத்தில் பாடகர் தவறிவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள்.

சுரம் ஒன்று என்பதால் ராகம் ஒன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நூசாக் என்பது சுர வரிசையைவிட அதன் பிடிகளில்தான் இருக்கிறது: எந்தச் சொற்றொடரில் தொடங்குவது, எங்கே தங்குவது, எதில் முடிப்பது. ஆலாபனைக் காதோடு கமகம் தேடினால் ஏமாற்றம்தான். அதற்குப் பதிலாகக் 'கிரெக்ட்ஸ்' என்ற விம்மல் உண்டு. சுரத்தின் முடிவில் குரல்வளையை ஒரு கணம் மூடித் திறந்து, மேலே ஒரு சுரத்தைத் தொட்டும் தொடாமலும் உடைப்பது. ரோசன்பிளாட்டின் விம்மல் உடைந்த பிறகும் சுருதி நகராது. மற்றவர்கள் அதைப் போலப் பாட முயலும்போது கெடுவது அங்கேதான். மூச்சின் அழுத்தம் தளர்ந்துவிடுவதால், விம்மியபின் வரும் சுரம் கால் சுரமாவது கீழே இறங்கி ஒலிக்கும்.

ஒரு 'ரெசிட்டேட்டிவ்', அதாவது விரித்துப் பாடும் ஜெபம், பெரும்பாலும் இப்படி நகரும். கீழ்ஸ்தாயியில் பேச்சும் பாட்டுமாகத் தொடக்கம். சபை காது கொடுத்ததும் பஞ்சமத்தில் ஊன்றல். அங்கிருந்து அடுத்த முறைக்குத் தாவல். அஹவா ரபாவிலிருந்து மி ஷெபேராக்குக்குப் போவது வழக்கமான தாவல்களில் ஒன்று. பிறகு வேகச் சங்கதிகள், உச்சம். உச்சத்தை எட்டிய பிறகு செய்ய வேண்டிய வேலைதான் கடினமானது: ஆசீர்வாதத்தின் இறுதி வரிக்கு முன்பே அந்த நாளின் நூசாக்குக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பினால்தான் சபை ஒரே குரலில் 'ஆமென்' சொல்ல முடியும். வெளியே போன முறையிலேயே நின்று முடித்துவிட்டால் சபை தடுமாறும், ஆமென் சிதறும். குரல்வளம் உள்ள இளம் ஹசன்கள் முதல் ஆண்டில் வாங்கும் கண்டிப்பு பெரும்பாலும் இதற்காகத்தான்.

ரோசன்பிளாட்டின் தனி முத்திரை பொய்க்குரல். நெஞ்சுக்குரலில் ஏறி, எந்த இடத்தில் பொய்க்குரலுக்கு மாறினார் என்பது தெரியாமல் மேலே போய், அங்கேயும் வேகச் சங்கதிகளைச் சுத்தமாக உருட்டி, அதே வழியில் இறங்குவார். ஒட்டு தெரியாமல் இருக்க அவர் செய்வது என்னவென்றால், மாறும் இடத்துக்கு இரண்டு மூன்று சுரம் முன்பே ஒலியளவைக் குறைத்துவிடுகிறார். உரக்கப் பாடிக்கொண்டே மாறினால் கியர் விழும் சத்தம்போல உடைப்பு கேட்கும்.

#7 ஆற்றுமணல்

மத்யமகாலம் சார் சொன்ன மேல்ஸ்தாயி காந்தாரம் பற்றி ஒரு சிறு சேர்க்கை. இறங்கும்போது மறுபடி அந்தர காந்தாரம் கீழ்ஸ்தாயியில் வந்துவிடும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டால்தான் அந்த முறையின் அழகு பிடிபடும். ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்ப்பவர்கள் இரண்டு கட்டையையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

#8 திசைமானி

குரலைப் பற்றிப் பேசும்போது அந்த வேலையின் உடல் உழைப்பையும் சொல்லியாக வேண்டும். வைதிக ஜெப ஆலயத்தில் ஓய்வுநாளிலும் திருநாளிலும் வாத்தியம் கிடையாது, ஒலிபெருக்கியும் கிடையாது. ஆண்களும் சிறுவர்களும் மட்டும் உள்ள பாடகர் குழு இருந்தால் உண்டு. சுருதி கொடுக்கத் தம்பூரா இல்லை, ஆதாரத்தை ஹசன் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நடத்த வேண்டும். வாணி அம்மா, பாவநிவர்த்தி நாளின் வரிசையை நீங்கள் எழுதினால் நன்றாக இருக்கும்.

#9 நெய்தல்வாணி

எழுதுகிறேன். பாவநிவர்த்தி நாளான யோம் கிப்பூரின் உபவாசம் சுமார் 25 மணி நேரம். சோறு மட்டுமல்ல, தண்ணீரும் கிடையாது. அதற்குள் ஐந்து வழிபாடு: மாலை மாரிவ், காலை ஷாகரித், முசாஃப், பிற்பகல் மின்ஹா, சூரியன் இறங்கும் நேரத்தில் நெய்லா.

மாலை 'கோல் நித்ரே'யோடு தொடங்கும். அது அரமேய மொழியில் உள்ள, பொருத்தனைகளை ரத்துசெய்யும் சட்ட வாசகம்; ஜெபமே அல்ல. சட்டக் காரியம் என்பதால் இருட்டும் முன்பே தொடங்கியாக வேண்டும். மூன்று முறை சொல்ல வேண்டும்: முதல் முறை மெல்ல, அடுத்தது உரத்து, மூன்றாவது இன்னும் உரத்து. இங்கேதான் முதல் ஆபத்து. முதல் முறையிலேயே வசதியான உயரத்தில் எடுத்துவிட்டால் மூன்றாவதில் ஏற இடமிருக்காது. அனுபவமுள்ளவர்கள் முதல் முறைக்குச் சுருதியைக் கைக்கு எட்டியதைவிட ஒரு சுரம் தாழ்த்தியே எடுப்பார்கள்.

மறுநாள் சுமைப் பகிர்வு. காலை ஷாகரித்தை 'பால் ஷாகரித்' என்ற வேறொருவர் நடத்துவார். பெரிய ஹசன் முசாஃபில் நிற்பார், கடைசியில் நெய்லாவுக்கு வருவார். முசாஃபில் பழைய எருசலேம் ஆலயத்தின் ஆசாரியச் சடங்கைச் சொல்லும் பகுதியில் ஹசன் தரையில் முழங்காலிட்டு முகங்குப்புற விழுந்து எழ வேண்டும். எழுந்த மூச்சோடு அடுத்த வரியைப் பாட வேண்டும். அந்த இடத்தில் இரண்டு பேர் தோள்பிடித்துத் தூக்கிவிடுவது பல சபைகளில் வழக்கம்.

தண்ணீரில்லாத தொண்டை எங்கே கைவிடும்? முதலில் போவது நடுக்குரலின் மென்மை. உரக்கப் பாட வரும், மெல்லப் பாடினால் காற்று மட்டும் வரும். அதைச் சரிக்கட்ட இன்னும் உரக்கப் பாடுகிறவர்கள் நெய்லாவுக்குள் குரலை இழந்துவிடுவார்கள். செய்யவேண்டியது நேர்மாறு: பாடகர் குழுவின் உருப்படிகளை ஹசனின் நீண்ட பகுதிகளுக்கு இடையில் வைப்பது, சபை சேர்ந்து பாடும் எளிய மெட்டுகளை முசாஃபின் பிற்பாதிக்கு ஒதுக்குவது, மின்ஹாவின்போது ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உட்கார்ந்திருப்பது. உபவாசத்துக்கு முந்தின இரண்டு நாளும் தண்ணீரைச் சிறிது சிறிதாக நிறையக் குடிப்பது, உப்பும் காரமும் குறைப்பது. கடைசி நேரத்தில் ஒரே மூச்சில் குடித்த தண்ணீரால் பலனில்லை.

மேடைப் பாடகருக்கு இரண்டு மணி நேரமும் நடுவே இடைவேளையும். இந்த நாளைத் தாங்கிய தொண்டைக்கு வாட்வில்லில் நாளுக்கு இரண்டு ஆட்டம் பெரிய பாரமாக இருந்திருக்காது.

#10 ஆற்றுமணல்

அவருடைய சமகாலத்தவர்கள் எல்லாருமே ஓபராவை ஒதுக்கினார்களா?

#11 திசைமானி

ஒரே மாதிரி இல்லை. வார்சாவின் துலோமாட்ஸ்கி ஜெப ஆலயத்தில் இருந்த கெர்ஷோன் சிரோத்தா (1874-1943) ஓபராக் குரல் என்றே பேசப்பட்டவர். ஆரியாக்களை (ஓபராத் தனிப்பாடல்கள்) தட்டில் பாடினார், அமெரிக்காவில் கச்சேரி செய்தார், ஆனால் ஓபரா மேடை ஏறவில்லை. நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் இறந்தார். அதே ஆலயத்தில் அவருக்குப் பின் வந்த மோஷே குசெவிட்ஸ்கி போர்க்காலத்தில் சோவியத் பகுதிக்குத் தப்பிப் போய்த் திபிலிசியில் ஓபராவே பாடினார். போர் முடிந்ததும் மறுபடி ஹசன்.

அமெரிக்காவில் பிறந்த அடுத்த தலைமுறைக்குக் கணக்கு வேறு. ரிச்சர்ட் டக்கர் 1943இல் புரூக்ளின் யூத மையத்தில் ஹசன். 1945 ஜனவரி 25 மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 'லா ஜோகொண்டா'வில் அறிமுகம். அதன் பிறகும் பெருவிழாக்களில் ஹசனாக நிற்பதை விடவில்லை. ரோசன்பிளாட் மறுத்த அதே எலியாசரைப் பாட வேண்டும் என்பது டக்கரின் தீராத ஆசை. 1970களில் நியூ ஆர்லியன்ஸிலும் பார்சிலோனாவிலும் பாடிவிட்டார். மெட்ரோபாலிட்டனில் பாடுமுன் 1975 ஜனவரி 8 அன்று கலமசூவில், கச்சேரிப் பயணத்தின் நடுவே இறந்துவிட்டார். இறுதிச் சடங்கு அந்த ஓபரா மேடையிலேயே நடந்தது.

இதை வைத்து ஒருவரைப் பக்திமான் என்றும் மற்றவரைப் பணத்தாசைக்காரர் என்றும் பிரிப்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். சபைகளே வேறு. முழு வைதிகச் சபையின் மேடையில் நின்றவருக்கும் புரூக்ளினின் நவீன சபையில் நின்றவருக்கும் எல்லைக்கோடு ஒரே இடத்தில் இருக்கவில்லை.

#12 கருந்தட்டு

தட்டுகள் விஷயத்துக்கு வருகிறேன். 1910களில் பெரும்பாலும் கொலம்பியா, 1920களில் பெரும்பாலும் விக்டர். 1925க்கு முந்தினவை அக்கூஸ்டிக் பதிவுகள்: மைக் இல்லை, கொம்புக்குள் பாடியது. மின்சாரப் பதிவு 1925இல்தான் வருகிறது.

10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் சுமார் 3 நிமிடம், 12 அங்குலம் சுமார் நாலரை. ஆலயத்தில் கால் மணி நேரம் விரியும் ஜெபத்தை இதற்குள் அடைக்க வேண்டும். எனவே தட்டில் நாம் கேட்பது பெரும்பாலும் தொடக்கத்தின் பேச்சுப் பகுதி சுருங்கி, உச்சம் சீக்கிரம் வந்துவிடும் வடிவம். இதையே முழு வடிவம் என்று நினைத்துப் பாடிப் பழகுகிறவர்கள் ஆலயத்தில் முதல் இரண்டு நிமிடத்திலேயே உச்சத்துக்குப் போய்விட்டு அப்புறம் போக்கிடம் இல்லாமல் நிற்பார்கள்.

பின்னணியில் ஊதுகருவிகள் தூக்கலாகக் கேட்பதும் கொம்பின் வேலைதான். வயலினும் டபுள்பாஸும் அதில் சரியாக விழாது, பதிலுக்கு டியூபா மாதிரிக் கருவிகளை வைத்தார்கள். உச்ச சுரத்தில் பாடகர் கொம்பை விட்டு ஒரு அடி பின்னால் நகர வேண்டும், மெல்லிய இடத்தில் முன்னால் வர வேண்டும். நகரத் தவறினால் ஊசி மெழுகில் தாறுமாறாகக் கீறிவிடும், அந்தத் தகடு வீண். ரோசன்பிளாட்டின் பொய்க்குரல் சங்கதிகள் அக்கூஸ்டிக் தட்டில்கூடக் கலங்காமல் விழுந்திருக்கின்றன.

பெரும் தொல்லை வேகம். '78' என்பது பின்னாளில் நிலைத்த எண். கொலம்பியாவின் அக்கூஸ்டிக் தட்டுகள் பல நிமிடத்துக்கு 80 சுழற்சி. அதை 78இல் ஓட்டினால் சுருதி சுமார் 44 சென்ட் இறங்கும், கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி. குரல் தடித்து, சங்கதி மந்தமாகும். 74இல் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் சுமார் 91 சென்ட் ஏறி, ஏறக்குறைய ஒரு முழு அரைச் சுரம் மேலே போய்விடும். அப்போது விம்மல் அழுகையாகக் கேட்காது, கீச்சிடும். இவரைப் பற்றி 'ரொம்ப மெல்லிய குரல்' என்று யாராவது சொன்னால் முதலில் எந்தப் பிரதியைக் கேட்டார் என்று விசாரியுங்கள்.

#13 மத்யமகாலம்

வேகத்தைச் சரிபார்க்கப் பின்னணி வாத்தியத்தைத்தான் பிடிக்க வேண்டும். ஊதுகருவிகளோடு வாசிக்கும்போது வசதியான ஆதாரச் சுருதிகள் சிலவே. சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கினால் வேகம் தப்பு என்று உறுதி. எந்தப் பக்கம் தள்ளுவது என்பதை விம்மலும் உயிரெழுத்தின் நிறமும் சொல்லும். ஆ என்பது ஏ பக்கம் சாய்ந்தால் வேகம் கூடிவிட்டது, ஓ பக்கம் சாய்ந்தால் குறைந்துவிட்டது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். அவர் உச்சரிப்பு அஷ்கெனாசி, அதாவது நடு, கிழக்கு ஐரோப்பிய யூதரின் உச்சரிப்பு. இன்றைய இஸ்ரேலிய எபிரேயத்தில் ஆ வரும் பல இடங்களில் அவர் ஓ என்பார். த் வரும் இடங்களில் ஸ். 'ஷிர் ஹமாலோத்' அவர் வாயில் 'ஷிர் ஹமாலோஸ்'. இது தெரியாமல் உயிரெழுத்தை வைத்து வேகத்தைத் திருத்தினால் நல்ல பிரதியைக் கெடுத்துவிடுவீர்கள்.

#14 நெய்தல்வாணி

அந்த 'ஷிர் ஹமாலோஸ்' 126ஆம் சங்கீதம். சீயோனின் சிறையிருப்பு திரும்பும்போது கனவு காண்பவர்போல் இருந்தோம் என்று வரும் சங்கீதம். ஓய்வுநாளிலும் திருநாளிலும் சாப்பாட்டுக்குப் பிந்தைய நன்றி ஜெபத்துக்கு முன் இதைப் பாடுவது வழக்கம். ரோசன்பிளாட் போட்ட மெட்டு உலகெங்கும் வீட்டு மேசைகளில் பாடப்படுகிறது, பாடுகிற பலருக்கு யார் மெட்டு என்றே தெரியாது. பெரிய சங்கதிகள் ஏதுமில்லை, குழந்தையும் பாடலாம். அவருடைய எல்லா ரெசிட்டேட்டிவ்களையும்விட எனக்கு இதன்மேல்தான் மதிப்பு அதிகம்.

புதிதாகக் கேட்பவர்கள் இதில் தொடங்கி, பிறகு 'உவ்னுகோ யோமார்'. தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சுருளைப் பேழைக்குள் திரும்ப வைக்கும்போது சொல்லும் வசனங்கள் அவை. அதற்கும் பிறகு 'தால்', பஸ்காவின் முதல் நாள் பனித்துளிக்கான வேண்டுதல். 'ஹினெனி' கடைசியில், சொற்களின் பொருளை முன்னே படித்துவிட்டுக் கேளுங்கள்.

#15 ஆற்றுமணல்

அவர் கடைசிப் பயணம் பற்றி யாரும் சொல்லவில்லையே?

#16 திசைமானி

1933இல் ஒரு திரைப்படத்துக்காகப் பாலஸ்தீனம் போனார். வேதாகம இடங்களில் நின்று, அந்தந்த இடத்துக்குரிய ஜெபத்தைப் பாடுவதாகப் படம். ஜூன் மாதம், சாக்கடல் பக்கத்து வெயிலில் படப்பிடிப்பு. அன்றே உடல்நலம் கெட்டு எருசலேமில் இறந்தார், வயது 51. ஒலிவ மலையில் அடக்கம். இரங்கலுரை தலைமை ரபி கூக். ஹசன்கள் மோர்தகாய் ஹெர்ஷ்மனும் சவேல் குவார்ட்டினும் அங்கே பாடினார்கள்.

அதில் அவர் ஏற்றுக்கொண்ட விதிமுறையைக் கவனியுங்கள். மறுபடியும் பாத்திரம் இல்லை. அவர் அவராகவே நின்றார்.

#17 கருந்தட்டு

1927இன் 'தி ஜாஸ் சிங்கர்' படத்திலும் அதேதான். அவர் அவராகவே ஒரு கச்சேரி மேடையில் வருகிறார், பாடுவது 'யார்சைட் லிக்ட்', நினைவுநாள் விளக்கைப் பற்றிய யித்திஷ் பாட்டு. வழிபாட்டு ஜெபம் இல்லை. அந்தப் படத்தில் ஹசன் தந்தையாக நடித்தவர் வார்னர் ஓலண்ட்.

வேகத்தைத் திருத்த நினைப்பவர்களுக்கு இந்தப் படம்தான் துணை. வைட்டாஃபோன் முறையில் ஒலி 16 அங்குலத் தட்டில், நிமிடத்துக்கு 33⅓ சுழற்சி. தட்டும் படச்சுருளும் ஒரே மோட்டாரில் பூட்டியவை, படம் வினாடிக்கு 24 சட்டகம். வேகம் பிசகினால் உதடு பொருந்தாது. ஆகவே அந்தக் காட்சியில் கேட்பது அவர் குரலின் உண்மையான சுருதியும் நிறமும், வயது 45இல். முதலில் அந்த ஒலியில் நடுஸ்தாயி ஆ ஒன்றைப் பிடித்துக் காதில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு 1920களின் விக்டர் தட்டு ஒன்றை எடுத்து, அதே உயரத்தில் வரும் ஆ அதே நிறத்தில் ஒலிக்கும்வரை வேகத்தை அரை அரைச் சதவீதமாக நகர்த்துங்கள். வாத்தியச் சுருதி ஒரு கட்டையில் வந்து உட்கார்ந்தால் நிறுத்திவிடலாம். கொலம்பியா அக்கூஸ்டிக் தட்டுகளை அதற்கு அப்புறம் தொடுங்கள். அங்கே பத்து வருடம் இளைய குரல், நிறம் கொஞ்சம் வெளிச்சமாகத்தான் இருக்கும்.